உள்ளக் காவலும் மனப் புதுக்கமும்: கிறிஸ்தவ மரபில் இரு கருத்துகள் பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவப் பிரசங்க மேடைகளிலே அடிக்கடி கேட்கும் வேண்டுகோள்கள் இரண்டு உள. ஒன்று, இருதயத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது. மற்றொன்று, மனம் புதிதாக வேண்டும் என்பது. முன்னது நீதிமொழிகள் நூலின் நான்காம் அதிகாரத்திலிருந்தும், பின்னது பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்திலிருந்தும் எடுக்கப்படுவன. இவ்விரண்டையும் கேட்கும் முற்போக்கு எண்ணங் கொண்ட ஒருவர் ஐயுறுவது இயல்பே. பசியும் வேலையின்மையும் பகையும் சூழ்ந்த உலகிலே உள்ளத்தைப் பார்த்துக்கொள் என்று கூறுவது, உலகத்தைப் பாராதே என்று கூறுவதன் மறுபெயரன்றோ? சமயம் மனிதனை அவனுடைய உள்ளறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுகின்றது என்னும் குற்றச்சாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக வலுவோடு கூறப்பட்டு வருவது. அதனை எளிதிலே தள்ளிவிட முடியாது. அவ்வாறு கதவைச் சாத்திக்கொண்ட கிறிஸ்தவர் பலர் இருந்திருக்கின்றனர். அவர்களைப் பற்றியும் இக்கட்டுரையிற் பேசவேண்டியுள்ளது. ஆயினும் இக்கருத்துகள் தோன்றிய இடத்தையும் அவை பயிலப்பட்ட முறையையும் நோக்குமிடத்து வேறொரு பொருள் புலனாகின்றது. உள்ளத்தைக் காத்தல் என்பது உலகத்தினின்றும் ஒதுங்குதல் அன்று. உள்ளத்தினுள்ளே ஏற்கெனவே வந்து குடியேறியிருக்கும் உலகத்தை இனங்காணுதல். இதனையே நாம் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

முதலிற் சொற்களை எடுத்துக்கொள்வோம். நீதிமொழிகளில் இருதயம் எனத் தமிழில் வந்திருப்பது ‘லேப்’ என்னும் எபிரேயச் சொல். இருதயம் என்றதும் அன்பு, பரிவு, துயரம் முதலிய உணர்ச்சிகளே இன்று நம் நினைவுக்கு வருகின்றன. பண்டை எபிரேயர்க்கோ அது சிறப்பாகச் சிந்திக்கும் உறுப்பு. எண்ணுவதும் நினைவிற் கொள்வதும் தீர்மானிப்பதும் அதன் தொழில்கள். ஆழ்ந்த உணர்ச்சிகளை அவர்கள் பலவேளைகளிற் குடலோடும் சிறுநீரகத்தோடும் தொடர்புபடுத்திப் பேசினர். ஓசியா தீர்க்கதரிசி எப்பிராயீமை இருதயமற்ற பேதைப் புறாவுக்கு ஒப்பிடும்போது அன்பில்லாத புறா என்று கருதவில்லை. அறிவில்லாத புறா என்றே கருதினார். எகிப்தையும் அசீரியாவையும் மாறிமாறி நாடிய அரசின் வெளிநாட்டுக் கொள்கையே அங்கு அவருடைய கண்டனத்துக்கு உள்ளானது. சாலொமோன் கடவுளிடம் வேண்டியதாகக் கூறப்படுவது, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கேட்கும் இருதயம். எதற்காக? மக்களின் வழக்குகளை விசாரித்து நன்மை தீமைகளை வேறுபடுத்தி அறிவதற்காக. எனவே எபிரேய மரபில் இருதயம் என்பது நீதி வழங்கும் இடமுமாகும்.

இப்பின்னணியில் நீதிமொழிகளின் அப்பகுதியை மீண்டும் வாசித்தல் நன்று. தந்தையொருவன் மகனுக்குச் சொல்லும் அறிவுரையாக அமைந்த அப்பகுதியில் இருதயம் தனித்து நிற்கவில்லை. அதற்கு முன்னே செவியும் கண்ணும் பேசப்படுகின்றன. பின்னே வாயும் உதடும் கண்ணிமையும் காலும் வருகின்றன. கேட்பதும் காண்பதும் உள்ளே செல்கின்றன. பேச்சும் நடையும் வெளியே வருகின்றன. இடையே இருதயம் இருக்கின்றது. உயிரின் ஊற்றுகள் அங்கிருந்து புறப்படுவதாலேயே அதற்குக் காவல் வேண்டும் என்கிறது நூல். புறப்படுதல் என்பதே இங்கு முக்கியமானது. ஊற்றைக் காப்பவன் நீரைத் தனக்கென்று பூட்டிவைப்பதற்காகக் காப்பதில்லை. வெளியே ஓடும் நீர் நஞ்சாகாதிருக்கவே காக்கின்றான். வாயிற்காவலனின் வேலையும் வாயிலை என்றென்றும் அடைத்துவைப்பதன்று. வருவோரையும் போவோரையும் யார் என்று கேட்பது.

ஆனால் இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. எபிரேய வேதத்தின் மற்றோரிடத்தில், எரேமியாவின் பதினேழாம் அதிகாரத்தில், இருதயமே எல்லாவற்றிலும் வஞ்சகமானது என்று சொல்லப்படுகின்றது. காக்கப்படும் பொருளே வஞ்சகமானதாயின் காவலால் ஆவதென்ன? கள்வனை உள்ளே வைத்துக்கொண்டு வெளிவாயிலிற் காவல் நிற்பது போலன்றோ இது? எசேக்கியேலின் நூல் இதற்கு வேறு திசையிலிருந்து விடை தேடுகின்றது. கல்லான இருதயம் அகற்றப்பட்டுத் தசையாலான புதிய இருதயம் அருளப்படும் என்னும் வாக்குறுதி அங்கு வருகின்றது. காவல் போதாது, புதுக்கம் வேண்டும் என்னும் கருத்து பவுலுக்கு முன்னரே எபிரேய மரபினுள் முளைத்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

கத்தோலிக்கத் தமிழர் நெடுங்காலம் சின்னப்பர் என வழங்கிய பவுல், உரோமர் நிருபத்தில் மனத்தின் புதுக்கத்தைப் பேசும் வாக்கியம் நுணுகி நோக்கத்தக்கது. அவர் அங்கு ஆளும் சொல் ‘நூஸ்’. அறிந்து மதிப்பிடும் ஆற்றலை அது குறிக்கும். மனம் புதிதாவதால் உருமாற வேண்டும் என்று கூறுமுன், எதற்கு ஒத்துப்போகக் கூடாது என்பதையும் அவர் கூறுகின்றார்: இந்த ‘அயோனுக்கு’. உலகம் என்று தமிழிற் பெயர்க்கப்பட்டிருக்கும் அச்சொல் மண்ணையும் மரத்தையும் குறிப்பதன்று. ஒரு காலகட்டத்தை, அதன் ஒழுங்கமைப்பையும் மதிப்பீடுகளையும் குறிப்பது. நாம் இன்று யுகம் என்றோ நடைமுறை அமைப்பு என்றோ கூறக்கூடியது அது. மேலும் அக்கட்டளை முழுவதும் பன்மையில் உள்ளது. தனியொருவரை நோக்கிப் பவுல் பேசவில்லை; உரோமாபுரியில் யூதரும் யூதரல்லாதாரும் கலந்து, ஒருவரையொருவர் உணவு முறைகளாலும் நாட்களாலும் இகழ்ந்துகொண்டிருந்த ஒரு குழுமத்தை நோக்கிப் பேசுகின்றார். புதுக்கத்தின் நோக்கமும் அவ்வாக்கியத்திலேயே உள்ளது: எது நல்லது என்பதைச் சோதித்து அறிதல். சாலொமோன் கேட்டதும் அதுவே.

நம் பழைய மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் மறுரூபம் என்னும் சொல்லை இட்டனர். இயேசு மலையின்மீது ஒளியுருக்கொண்ட நிகழ்ச்சிக்கும் அதே சொல்லைத்தான் அவர்கள் இட்டிருக்கின்றனர். கிரேக்கத்திலும் இரண்டிடத்தும் ஒரே வினையாதலால் இது வெறும் தற்செயலன்று, தேர்ந்த செயல். அதுபோன்றே ‘மெட்டனோயா’ என்னும் கிரேக்கச் சொல்லினுள்ளும் நூஸ் உறைகின்றது. அதனை மனந்திரும்புதல் எனத் தமிழாக்கியவர்கள், அறிந்தோ அறியாமலோ, அவ்வுறவையும் காப்பாற்றிவிட்டனர். பாவத்துக்காக அழுதல் என்று மட்டும் இன்று பொருள்படுமாறு அச்சொல் தேய்ந்துபோனது பிற்காலப் பிரசங்கத்தின் வேலை. திரும்புவது மனம், கண்ணீரன்று.

இனி, உள்ளக் காவல் ஒரு பயிற்சியாக வளர்ந்த இடத்துக்கு வருவோம். அது நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைநிலம். வனத்து அந்தோனியார் என நம்மவர் அறிந்தவர் 270ஆம் ஆண்டளவில் தம் கிராமத்துக் கோயிலிற் சுவிசேஷ வாசகத்தைக் கேட்டு, முந்நூறு ‘அறூரா’ அளவான வளமிக்க தம் நிலத்தை ஊராருக்கு அளித்துவிட்டார் என அத்தனாசியார் எழுதிய வரலாறு கூறும். இத்துறவிகளின் ஒதுக்கத்தைக் குறிக்கும் ‘அனகோரேசிஸ்’ என்னும் சொல்லுக்கு முற்பட்ட வரலாறு ஒன்றுண்டு. உரோமர் ஆட்சிக்கால எகிப்தின் பப்பிரஸ் ஆவணங்களில் அது, வரிச்சுமையும் கட்டாயப் பணியும் தாங்காது நிலத்தைக் கைவிட்டு ஓடிய குடியானவரின் ஓட்டத்தைக் குறித்தது. துறவிகள் தமக்கெனத் தேர்ந்தது உழவர் எதிர்ப்பின் சொல். துறவு முழுவதையும் பொருளாதாரக் காரணத்தால் விளக்கிவிட நாம் முனையவில்லை. ஆயினும் பாலைநிலத்துக்குச் சென்றவர் எல்லாரும் உலகத்தை அறியாதவரல்லர் என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

இம்மரபைக் கோட்பாடாக வகுத்தவர் பொந்துஸ் நாட்டு எவாக்கிரியஸ். கொன்ஸ்தாந்திநோப்பிளில் உயர் திருத்தொண்டராய் விளங்கியவர், அங்கு மணமான பெண்ணொருத்திமீது கொண்ட காதலின் இக்கட்டிலிருந்து தப்பி, எருசலேம் வழியாக எகிப்தை அடைந்தார். நித்திரியாவில் இரண்டாண்டும் பின்னர் கெல்லியா என்னும் குடிசைத் தொகுதியிலும் வாழ்ந்து, ஏடுகளைப் படியெடுத்துப் பிழைத்து, 399இல் இறந்தார். மனிதனைத் தாக்கும் எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்புகழ், செருக்கு. இவற்றை அவர் பாவங்கள் என்று அழைக்கவில்லை. ‘லொகிஸ்மோய்’, எண்ணங்கள், என்றே அழைத்தார். இவ்வெண்ணங்கள் வருவதும் வராமலிருப்பதும் நம் கையில் இல்லை. அவை தங்குவதும் தங்காமற் போவதும் நம் கையில் உள்ளது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. எனவே துறவி தன் எண்ணங்களைக் கவனிக்க வேண்டும். எது எப்போது வருகின்றது, எதனைத் தொடர்ந்து எது வருகின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அத்தனாசியாரின் நூலில் அந்தோனியார் கூறும் அறிவுரையும் ஏறத்தாழ இதுவே: தோன்றும் எதனையும் நோக்கி, நீ யார், எங்கிருந்து வருகின்றாய் என்று அஞ்சாது கேட்க வேண்டும்.

எங்கிருந்து வருகின்றாய் என்னும் இவ்வினாவே நம் பொருளுக்கு இன்றியமையாதது. பொருளாசையைப் பற்றி எவாக்கிரியஸ் எழுதும்போது பொன்னையும் மணியையும் பேசவில்லை. நீண்ட முதுமை வரும், கை உழைக்க மாட்டாது போகும், பஞ்சமும் நோயும் வரும், பிறரிடம் கையேந்தும் வெட்கம் வரும் என்று அவ்வெண்ணம் மெல்லப் பேசும் என்கிறார். இது பேராசைக்காரனின் குரலன்று. பாதுகாப்பற்ற சமுதாயமொன்றில் வாழும் எவரின் அச்சமுமாகும். சமுதாயம் தன் அமைப்பை மனிதனுள் அச்சமாக எழுதிவைக்கின்றது. அவன் அதனைத் தன் சொந்த விவேகம் என்று எண்ணிக்கொள்கின்றான். நண்பகற் பேய் என்று அவர் அழைத்த சோர்வைப் பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. சூரியன் நகரவில்லை என்று தோன்றும். துறவி சாளரத்தையே நோக்குவான். இவ்விடத்தில் அன்பு இல்லை, வேறிடத்தில் வேலை எளிது, கடவுளை எங்கும் வணங்கலாமே என்று நியாயங்கள் வந்து குவியும். எந்த இயக்கத்திலாவது சில ஆண்டுகள் உழைத்தவர்க்கு இக்குரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

எவாக்கிரியசின் கருத்துகளை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற யோவான் கசியான், மோசே என்னும் துறவியின் கூற்றாக ஓர் உவமையைத் தருகின்றார். மனம் நீராற் சுழலும் ஆலை போன்றது. நீர் ஓடும்வரை கல் சுழன்றே தீரும்; அதனை நிறுத்த ஆலைக்காரனால் இயலாது. ஆனால் அதில் கோதுமையை இடுவதா, வாற்கோதுமையை இடுவதா, களைவிதையை இடுவதா என்பது அவன் பொறுப்பு. காவலுக்கும் புதுக்கத்துக்கும் உள்ள தொடர்பை இதனினும் எளிதாக விளக்கல் அரிது. வேண்டாததை விலக்குவதோடு வேலை முடிவதில்லை. வெறுங்கல் சுழன்றால் அது தன்னையே தேய்த்துக்கொள்ளும். தீய எண்ணங்களுக்கு எதிராக வேதவசனங்களைக் கொண்டு மறுமொழி கூறும் முறையொன்றை எவாக்கிரியஸ் தனி நூலாகவே தொகுத்தமைக்குக் காரணம் இதுவே. நெஞ்சொடு கிளத்தலை அறிந்த தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாது. எனினும் அகத்திணைத் தலைவியின் ஏக்கமும் பாலைநிலத் துறவியின் வாதமும் ஒன்றே எனச் சாதிக்கும் அவசரம் நமக்கில்லை.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியிற் பாப்பரசர் பெரிய கிரகோரியார் இவ்வெட்டையும் ஏழாகத் திருத்தியமைத்தார். காலப்போக்கில் அவை தலையான பாவங்கள் ஏழு என ஞானோபதேசத்தில் இடம்பெற்றன. எண்ணத்தின் இயக்கத்தைக் கவனிக்கும் கலை, செய்த குற்றங்களை எண்ணும் கணக்காக மாறியது. இது ஒரு பேரிழப்பு என்றே நாம் கருதுகின்றோம்.

பாலைநிலத்தை நாம் இலட்சியமாக்கவும் கூடாது. எவாக்கிரியஸ் இறந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளின் பின், அவர் ஒருகாலத்தில் வாழ்ந்த அதே நித்திரியாவிலிருந்து ஐந்நூறு துறவிகள் வரை அலெக்சாந்திரியாவுக்குள் வந்து, தம் பேராயருக்கு ஆதரவாக, அரச ஆளுநர் ஒறெஸ்தெசைத் தாக்கியதை வரலாற்றாசிரியர் சோக்கிராத்தெஸ் எழுதிவைத்துள்ளார். பெருந்தீனியையும் காமத்தையும் வாயிலில் நிறுத்தி விசாரித்தவர்கள், கட்சிப் பகைமையை விசாரிக்காமலே உள்ளே விட்டனர். பக்தி வைராக்கியம் என்னும் உடையில் அது வந்தமையே காரணம். தனிமனிதப் பலவீனங்களுக்கு மட்டும் காவல் வைத்துக் கூட்டுப் பலவீனங்களுக்குக் கதவைத் திறந்துவைக்கும் இப்பிழை கிறிஸ்தவ வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்வது. நம் நாட்டு இயேசுசபைக் குருவும் இறையியலாளருமான அலோசியஸ் பீரிஸ், மாமோன் என விவிலியம் கூறும் செல்வத்தெய்வம் மனிதனுள் இயங்கும் ஆசையாகவும் சமுதாயத்தில் நிறுவப்பட்ட ஆற்றலாகவும் ஒருங்கே உள்ளது என்று வற்புறுத்துவது இது சார்ந்ததே. ஒன்றை விட்டு மற்றொன்றோடு மட்டும் போரிடுவது பயனற்றது.

இருபதாம் நூற்றாண்டு ஜேர்மனி இப்பிழையின் முழு விலையையும் காட்டியது. 1914 ஒக்டோபரில் ஜேர்மனியின் போரை நியாயப்படுத்தித் தொண்ணூற்று மூன்று அறிஞர் அறிக்கையொன்றை வெளியிட்டனர். அதிற் கையொப்பமிட்டோருள் ஹார்னாக், ஹெர்மன் ஆகிய இறையியற் பேராசிரியரும் இருந்தனர். சுவிற்சர்லாந்தின் சாபென்வில் என்னும் ஊரிற் போதகராயிருந்து, அங்குள்ள ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைக்கத் துணைநின்ற கால் பார்த்துக்கு இது பேரதிர்ச்சியாயிற்று. கையொப்பமிட்டோர் அவருடைய ஆசிரியர்கள். விவிலியத்தை அவர்களைவிட நுட்பமாக ஆராய்ந்தவர் அக்காலத்தில் இலர். கற்ற மனம் வேறு, புதிதான மனம் வேறு என்பதை அவர் அன்று கண்டார். அதன்பின் அவர் எழுதிய உரோமர் நிருப விளக்கத்தின் இரண்டாம் பதிப்பில் (1922), பன்னிரண்டாம் அதிகாரத்தில் தொடங்கும் பகுதிக்குப் பெருங்குலைவு எனப் பொருள்படும் தலைப்பை இட்டமை குறிப்பிடத்தக்கது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் பற்றிப் பேசும் உரோமர் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத் தொடக்கம் எங்கும் எடுத்தாளப்பட்டது. அதற்கும் மனப் புதுக்கம் பற்றிய வாக்கியத்துக்கும் இடையே பத்தொன்பது வசனங்களே உள்ளன. அதிகாரப் பிரிப்புகள் பதின்மூன்றாம் நூற்றாண்டளவிற் செய்யப்பட்டவை, பவுல் இட்டவையல்ல. யுகத்துக்கு ஒத்துப்போகாத மனத்தோடு தான் அடுத்த பக்கத்தை வாசிக்க வேண்டும் என்பதை மறந்த ஒரு திருச்சபை, யூத வழித்தோன்றலான போதகரைப் பதவிநீக்கும் ஆரிய விதியை 1933 செப்டெம்பரிற் பிரஷ்யப் பேரவையில் ஏற்றுக்கொண்டது. அவ்விதியை ஏற்றோர் பலர் தனிவாழ்விற் பக்தியுள்ளோர். அவர்களின் உள்ளம் குடியிலிருந்தும் சூதிலிருந்தும் காக்கப்பட்டிருந்தது.

இதனை எதிர்த்தோர் பயிற்றுவித்த குருமாணவர் கல்லூரிகளுள் ஒன்றை 1935 முதல் டீட்றிக் பொன்ஹொபர் நடத்தினார். ஸ்தெற்றின் நகருக்கு அருகிலுள்ள பின்கென்வால்டே என்னும் இடத்தில் அது இயங்கியது. ஒவ்வொரு காலையும் அரைமணிநேரம் மாணவர் மௌனமாயிருந்து, வாரம் முழுவதும் ஒரே சிறு வேதப்பகுதியைச் சிந்திக்க வேண்டும். இன்னொரு விதியும் இருந்தது: இல்லாத ஒருவரைப் பற்றி எவரும் பேசலாகாது, பேசிவிட்டால் அதனை அவரிடமே சென்று கூற வேண்டும். மாணவர் திகைத்தனர், கேலி பேசினோரும் உளர். நாடு தீப்பற்றி எரியும்போது இது என்ன மடத்து வாழ்க்கை என்று வெளியிலிருந்தும் கேட்கப்பட்டது. கால் பார்த்தே 1936இல் எழுதிய கடிதமொன்றில் இதில் மடாலய வாடை அடிப்பதாகத் தம் ஐயத்தைத் தெரிவித்தார். ஐயம் நியாயமானதே. ஆனால் 1937இல் இரகசியப் பொலிஸார் அவ்விடத்தை மூடி முத்திரையிட்டனர். அரசுக்கு அம்மௌனம் தீங்கற்றதாகத் தோன்றவில்லை. நாள்தோறும் வானொலியும் ஊர்வலமும் புகட்டிய சொற்களை அரைமணிநேரமாவது வாயிலில் நிறுத்தி, நீ எங்கிருந்து வருகின்றாய் என்று கேட்கப் பழகிய மனிதரை எந்தச் சர்வாதிகாரமும் விரும்பாது.

பொன்ஹொபரின் மனமும் ஒரே நாளிற் புதிதானதன்று என்பதையும் கூறவேண்டும். யூதர் பிரச்சினை குறித்து அவர் 1933 ஏப்பிரலில் எழுதிய கட்டுரை, அரசின் கொடுமைக்கு எதிராகத் திருச்சபை நேரடியாகச் செயற்பட வேண்டிவரலாம் என்று துணிந்து கூறியது. அதே கட்டுரையில் யூதர்மீது சாபம் உள்ளது என்னும் பழைய கிறிஸ்தவத் தப்பெண்ணமும் கேள்வியின்றி இடம்பெற்றது. 1934 மே மாதத்துப் பார்மென் பிரகடனம் ஹிட்லரின் திருச்சபைக் கொள்கையை உறுதியோடு மறுத்தது. யூதரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனை வரைந்ததில் முதன்மைப் பங்கு வகித்த கால் பார்த், அது தம் குற்றமே என்று 1967இல் எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, எண்பது வயது கடந்த நிலையில்! மனப் புதுக்கம் எத்துணை மெதுவானது என்பதற்கு இதனிலும் நேர்மையான சான்று நாம் அறிந்ததில்லை.

1942ஆம் ஆண்டின் இறுதியில், நண்பர் சிலருக்கென எழுதிய கட்டுரையில், மடமை என்பது அறிவுக் குறைபாடன்று என்று பொன்ஹொபர் வாதிட்டார். அதிகாரம் பெருகும்போது மனிதர் தம் அகச் சுதந்திரத்தை இழந்து, சுலோகங்கள் தம் வாயிலாகப் பேச விட்டுவிடுகின்றனர். ஆதலால் போதனை அங்கு பயன்படாது, விடுதலையே வேண்டும் என்பது அவருடைய முடிபு. பவுல் நூஸ் என்ற சொல்லால் எதனைக் கருதினாரோ அதனை நாசிச ஆட்சியின் பத்தாண்டு அனுபவத்தால் அவர் மீண்டும் கண்டடைந்தார் எனலாம். மறு ஆண்டு ஏப்பிரலில் அவர் கைதானார்.

பெர்லினின் தேகெல் சிறையிலும் அவர் நாள்தோறும் குறித்த வேதப்பகுதிகளை வாசிப்பதை விடவில்லை. அப்பழக்கத்தினூடேதான் 1944 ஏப்பிரல் முதலாகத் தம் நண்பர் எபெர்காட் பெத்கேக்கு, கிறிஸ்து இன்று நமக்கு உண்மையில் யார் என்றும், சமயம் என்னும் உடையற்ற கிறிஸ்தவம் இயலுமா என்றும் வினவும் கடிதங்களை எழுதத் தொடங்கினார். ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்றதற்கு மறுநாள், 1944 யூலை 21ஆம் திகதி, எழுதிய கடிதம் அந்நாட்களின் வேதவசனங்களைக் குறிப்பிட்டே தொடங்குகின்றது. இம்மண்ணின் வாழ்வில், அதன் கடமைகளிலும் கேள்விகளிலும் தோல்விகளிலும், முழுமையாக இறங்கி வாழ்வதாலேயே ஒருவன் விசுவாசிக்கக் கற்றுக்கொள்கின்றான் என்று அதில் அவர் எழுதினார். அவர் 1945 ஏப்பிரல் 9ஆம் திகதி புளொசென்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். பெத்கே பாதுகாத்து வைத்திருந்த அக்கடிதங்கள் 1951இல் நூலாயின.